போன வருஷம் எத்தனையில் நின்றது?

மனிதர்களில் கட்-ஆஃப் அப்பா என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்ததில்லை என்றால் உங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இல்லை என்று அர்த்தம். அதற்காகத் தேடிக்கொண்டு போக வேண்டாம். பஸ் நிறுத்தத்திலோ, பல் டாக்டரின் வரவேற்பறையிலோ அவரே உங்களைத் தேடி வருவார். பார்ப்பதற்கு நம்மைப் போலத்தான் இருப்பார், வாயைத் திறந்தால்தான் தெரியும். நாமெல்லாம் "சௌக்கியமா?" என்று கேட்கும் இடத்தில் அவர் "பொண்ணு எவ்வளவு?" என்று கேட்பார். எவ்வளவு உயரமா, எவ்வளவு எடையா என்று நாம் விழித்துக்கொண்டு நிற்கும்போதே "முந்நூறுக்குத்தான் கேக்கறேன்" என்று விளக்கமும் வந்துவிடும்.

இந்த இனத்திலும் மருத்துவக் கல்லூரி ரகம், பொறியியல் ரகம் என்று பல ரகங்கள். நாம் பார்க்கப் போவது இராணுவ உறைவிடப் பள்ளி ரகம். இது தனி ரகம். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறி நின்று மனைவியைக் கூப்பிடுவார், மாடிப்படி ஏறினால் மூன்றாவது படியில் மூச்சு வாங்கும், ஆனால் கேடட், பரேடு, பட்டாலியன் என்று பேச ஆரம்பித்தால் எல்லையில் பத்து வருஷம் நின்றுவிட்டு இப்போதுதான் பூட்ஸைக் கழற்றினார் என்று தோன்றும்.

நம்முடைய ஆள் கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுக்க ஜனங்களின் கண்ணைச் சோதித்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது அவர் தொழில். இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. வாடிக்கையாளரின் தாடை மெஷினில் இருக்கும், நெற்றி ஒட்டியிருக்கும், அசையக் கூடாது. இப்படிப்பட்ட ஒரு மனிதனிடம் என்னதான் பேச முடியாது?

"இப்ப தெளிவா இருக்கா? இப்ப?"

"ரெண்டாவது."

"நல்லது. இதே மாதிரிதான் சார், பழைய ஸ்கூலா புது ஸ்கூலான்னு நான் அஞ்சு மாசமா மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

"சார், எழுத்து மங்குது."

"மங்கும். பழசுல போன வருஷம் இருநூத்தி முப்பத்தெட்டுல நின்னுச்சு. அசையாதீங்க."

அவர் மாட்டிக்கொண்டு முழித்த விஷயம் இதுதான். ஒரு நாள் பயண தூரத்தில் இரண்டு இராணுவப் பள்ளிகள். ஒன்று பழசு. அறுபது வயதானது, வராந்தா முழுக்கத் தளபதிகளின் புகைப்படம், குழாய்கள் ஒழுகும். இன்னொன்று புதுசு. திறந்து நாலு வருஷம் ஆகிறது, லிஃப்ட் உண்டு, வகுப்பறையில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. இரண்டுக்கும் ஒரே நுழைவுத் தேர்வு. ஆனால் ஒரு சுற்றுக்கு ஒரு பிள்ளை ஒரே ஒரு பள்ளியைத்தான் டிக் செய்யலாம். மார்க் வரிசைப்படி இடம் நிரம்பும், நிரம்பிய இடத்தில் கட்-ஆஃப் நிற்கும். பழசைக் கேட்டு அங்கே கிடைக்காவிட்டால் புதுசும் கிடையாது. இடம் கிடைத்தவர்கள் சேராமல் விட்ட மிச்சம் மீதிக்குத்தான் இரண்டாம் சுற்று.

ரிசல்ட் வந்த அன்று மகள் கடைக்கே ஓடி வந்தாள். "அப்பா! இருநூத்தி முப்பத்தொண்ணு!"

வேறு அப்பாவாக இருந்தால் தூக்கிச் சுற்றியிருப்பார். இவர் கண்ணை மூடினார். பழசில் போன வருஷம் இருநூற்று முப்பத்தெட்டு, புதுசில் இருநூற்றுப் பத்தொன்பது. இடையில் நிற்கிறாள் மகள். கண்ணைத் திறந்தபோது அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "அடடா, ஏழு மார்க்" என்பதுதான். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு கவுண்டர் கண்ணாடியில் விரலால் தாளம் போட ஆரம்பித்தாள். அவளுக்கு அது பழக்கம். தட்டு, மேஜை, பஸ் கம்பி, அப்பாவின் முதுகு, எது கிடைத்தாலும் தட்டுவாள்.

அன்று மாலையே அட்டவணை பிறந்தது. அட்டவணை இல்லாத கட்-ஆஃப் அப்பா உண்டா? பதினாலு பத்திகள். மாணவருக்கு எத்தனை கழிவறை, ஆசிரியர் எத்தனை பேர், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ஆண்டுவாரியாகப் பத்து வருஷக் கட்-ஆஃப். புதுசு திறந்தே நாலு வருஷம்தானே என்று நீங்கள் கேட்கலாம். கட்டிடம் இல்லாத ஆறு வருஷங்களுக்கும் அவர் எண் போட்டிருந்தார். பள்ளி இருந்திருந்தால் எத்தனையில் நின்றிருக்கும் என்று கணக்கிடத் தெரியாதவரா அவர்?

இரண்டு பள்ளிகளையும் நேரில் பார்க்கக் குடும்பத்தோடு போனார்கள். பழைய பள்ளியில் மைதானத்தைச் சுற்றிப் பெரிய மரங்கள், பிள்ளைகள் அணிவகுத்து வருகிறார்கள், முன்னால் பேண்டு வாத்தியம். பேண்டின் நடுவில், தன் உயரத்தில் பாதி இருக்கும் டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு பெண் அடித்துக்கொண்டு வந்தாள். மகள் திறந்த வாயை மூடவில்லை. அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் வாட்ச்மேனிடம் போன வருஷம் வெயிட்டிங் லிஸ்ட் எதுவரை நகர்ந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். புதிய பள்ளியில் பேண்டு ஸ்பீக்கரில் வந்தது.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். எந்த வேலையையும் ஒரே குத்தில் முடிக்கிற கை. அவருக்கு இந்த ஐந்து மாச இழுவை தாங்கவில்லை.

"அவளைக் கேட்டீங்களா?"

"பத்து வயசுல அவளுக்கு என்ன தெரியும்?"

"படிக்கப் போறது அவதானே?"

"படிக்கப் போறது அவ. சேரப் போறது மார்க்."

இருந்தாலும் கேட்டார், கேட்கவில்லை என்ற பேர் வரக் கூடாதே. "எனக்குப் பழசுதான்பா. அங்க அந்தப் பெரிய டிரம் இருக்கு" என்றாள் மகள். அவர் பதினாலு பத்திகளையும் மேலிருந்து கீழே பார்த்தார். டிரம்முக்குப் பத்தி இல்லை. "டிரம்தானே? லீவுக்கு வரும்போது வாங்கிக்கலாம்மா" என்றார். உண்மையில் அவருக்கும் உள்ளூரப் பழசின் மேல்தான் ஆசை. அந்தத் தளபதிகள் வரிசையில் ஒரு படச்சட்டம் காலியாக இருந்தது, அதில் தன் மகள் முகத்தை அவர் ஏற்கெனவே மாட்டிப் பார்த்துவிட்டார். ஆனால் ஆசை வேறு, டேட்டா வேறு என்பது இந்த இனத்தின் வேதவாக்கு.

இதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. கட்-ஆஃப் அப்பாவுக்குத் தெரிந்த விஷயம் தன்னோடு இருந்தால் தூக்கம் வராது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அட்டவணையை அதில் போட்டு, கீழே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கையும் போட்டார்: 'இந்த வருஷம் பழைய பள்ளி இருநூற்று நாற்பதைத் தாண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். புதிய பள்ளியே பாதுகாப்பு.'

குழுவே கையெடுத்துக் கும்பிட்டது. சார் தெய்வம், சார் சொன்னால் சரி, சாருக்கு நீண்ட ஆயுள். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் தங்கள் குழுக்களுக்கு அதை அனுப்பினார்கள். மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒரு வாடிக்கையாளர் அதே அட்டவணையை அவரிடமே காட்டி, "பெரிய நிபுணர் ஒருத்தர் போட்டது சார், யாருக்கும் காட்டாதீங்க" என்றார். அன்று அவருக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

கேட்காதவர் ஒரே ஒருத்தர். எதிர்க்கடை பேக்கரிக்காரர். அவர் பையன் இருநூற்று இருபத்தைந்து. கண்ணாடிக் கடைக்காரர் சாலையைக் கடந்து போய், நின்றபடியே முக்கால் மணி நேரம் புத்தி சொன்னார்.

"பழசு வேண்டாங்க. பையனோட ஒரு வருஷம் வீணாப் போயிடும்."

"இல்ல சார், பழசுக்குத்தான் போட்டிருக்கேன்."

"ஏன்? காரணம் சொல்லுங்க."

"எங்க வீட்டு வாசல்லேருந்து ஒரே பஸ் சார்."

இப்படிப்பட்டவர்களுக்காக இவர் மனசு உருகியது. கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு இணையதளம் மூடுகிறது. நாலே முக்காலுக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, புதிய பள்ளிக் கட்டத்தில் டிக் போட்டு, வீட்டுக்குப் போன் செய்து "சேஃப்" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

ஒரு வாரம் கழித்துக் காலை பத்து மணிக்குப் பட்டியல் வந்தது. புதிய பள்ளி, கட்-ஆஃப் இருநூற்று முப்பத்து மூன்று. தன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கடையிலிருந்த மூன்று கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். மூன்றிலும் இருநூற்று முப்பத்து மூன்றுதான். பழைய பள்ளி எத்தனை என்று பார்க்கக் கை வரவில்லை. பார்த்தார். இருநூற்று இருபத்து நாலு.

புரிகிறதா என்ன நடந்ததென்று? அவர் கணிப்பு ஊரையே ஜெயித்துவிட்டது, அதனாலேயே தப்பிப் போனது. ஊரே அதை நம்பி, பழசைக் கண்டு பயந்து, புதுசின் வாசலில் போய் முண்டியடித்தது. புதுசு ஏறியது, பழசு இறங்கியது. அந்தக் கூட்டத்தில் இவர் மகளும் ஒருத்தி. பழசை டிக் செய்திருந்தால் ஏழு மார்க் மிச்சத்தோடு உள்ளே போயிருப்பாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இவர் அதை ஊருக்கெல்லாம் இலவசமாக விநியோகித்துவிட்டுத் தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டார்.

பத்தே காலுக்கு எதிர்க்கடைக்காரர் ஒரு பெட்டி பிஸ்கட்டோடு வந்தார். "கிடைச்சுடுச்சு சார்! நான்தான் சொன்னேனே, ஒரே பஸ்ஸுன்னு!"

பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மகள் வாசலிலேயே நின்றாள்.

"என் மார்க் பத்தலையாப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இந்த வருஷம் பேப்பர் திருத்தியது சரியில்லை என்றும் சொல்லியிருக்கலாம், குழுவில் பாதிப் பேர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு அவருக்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"உன் மார்க் போதும்மா. தாராளமாப் போதும். அப்பாதான் தப்பான கட்டத்துல டிக் போட்டுட்டேன்."

அவள் யோசித்தாள். "அப்ப அந்த டிரம்மை வேற யாராவது அடிப்பாங்களா?"

"அடிப்பாங்கம்மா."

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அன்று வீட்டில் தட்டிலோ மேஜையிலோ கதவிலோ தாளம் கேட்கவில்லை. சாப்பிடும்போதுகூட அவள் விரல்கள் சும்மா இருந்தன. அதுதான் அவரைக் கொன்றது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் சுற்று அறிவிப்பு வந்ததும் மனைவி கையை நீட்டினார். "போனை இங்க குடுங்க."

"கொஞ்சம் பொறு. ரெண்டாவது சுத்துல பழசுல நாலஞ்சு இடம்தான் வரும். போன வருஷம்..."

"இன்னொரு வார்த்தை பேசினீங்க, ஊசியை எடுத்துட்டு வருவேன்."

அவர் பால்கனிக்குப் போனார். உள்ளே அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, 'எதும்மா?', 'பழசு' என்று இரண்டே வார்த்தையில் பேசி, இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். பால்கனியில் அவர் போன் இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் துவைத்த துணிகளை மடித்தார். மறுநாள் குழுவில், 'சார், இரண்டாம் சுற்று எத்தனையில் நிற்கும்?' என்று கேட்டவர்களுக்கு, 'தெரியவில்லை' என்று பதில் போட்டார். குழு ஸ்தம்பித்தது. சாருக்கே தெரியவில்லை என்றால் விஷயம் பெரிது என்று நாலு பேர் அதையும் பல குழுக்களுக்கு அனுப்பினார்கள்.

பன்னிரண்டு நாள் அவர் சரியாகத் தூங்கவில்லை. பதின்மூன்றாம் நாள் பட்டியல் வந்தது. பழைய பள்ளியில் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது.

சேர்க்கும் நாளன்று டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்தான் கேட் வரை வந்தார். அதற்கு மேல் பெற்றோர் வரக் கூடாது. மகள் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு பெண் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ள, திரும்பிப் பார்க்காமல் போனாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் அழுதார். பத்திகள் இல்லாமல், ஒப்பீடு இல்லாமல், எல்லா அப்பாக்களும் அழுகிற மாதிரி அழுதார். பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருந்திருக்கும். மனிதர் மாறிவிட்டார் என்று மனைவியே நம்பித் தோளில் கை வைத்தார்.

அப்போது பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். கையைப் பிடித்தபடி எட்டு வயதுப் பெண், அடுத்ததற்கு அடுத்த வருஷத்துக்காக இப்போதே பார்க்க வந்தவர். "சார், ஒரு சந்தேகம். இங்க எத்தனையில நின்னுச்சு?"

மனைவியின் விரல்கள் தோளை இறுக்கின. அவர் உதட்டைக் கடித்தார். கேட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"முதல் சுத்தா, ரெண்டாவது சுத்தா?"

இந்த ஆள் திருந்தவே மாட்டாரா என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். நியாயம்தான், நானும் அடித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்று படித்ததும் சந்தோஷப்பட்டீர்கள். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், 'அது சரி, இரண்டாம் சுற்று எத்தனையில் நின்றது? கதை சொல்கிற இவன் ஏன் சொல்லவில்லை?' என்று உள்ளே ஓர் அரிப்பு எழுந்ததா இல்லையா? எழுந்திருந்தால் என்னைக் கேட்டுப் பயனில்லை. கேட்டுக்கு வெளியே அவர் இன்னும் விளக்கிக்கொண்டுதான் நிற்கிறார். போய்ப் பக்கத்தில் நில்லுங்கள், உங்களைப் பார்த்ததும் உறவுக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்.