பத்து விரலிலும் ரேகை இல்லை

திருத்தங்கல்
ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் முனியராஜ் அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி எழுதுவது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சென்னையில் ஒரு குறையுமில்லாமல் இருக்க ஐயனார் துணை நிற்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன். உங்கள் அக்கா பாலம்மாளும் இருக்கிறாள். ஆனால் அவள்தான் பாலம்மாள் என்பதை மூன்று வாரமாக என்னால் நிரூபிக்க முடியவில்லை.

போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது நடுவீட்டில் நின்றுகொண்டு ஒரு பிரசங்கம் செய்தீர்கள். “வீடா மச்சான் இது, குடோனா? பழசையெல்லாம் கழிச்சுக் கட்டுங்க” என்றீர்கள். சொன்னதோடு விட்டீர்களா? கொல்லையில் இருந்த விறகடுப்பைக் கடப்பாரையால் இடித்தீர்கள். நான் அச்சாபீசிலிருந்து ஓய்வு பெற்றபோது முதலாளி கொடுத்த சுவர்க்கடிகாரத்தை, ஓடவில்லை என்று பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்தீர்கள். கடைசியில் உங்கள் அக்காவின் பட்டன் போன். புதுப் போனைப் புது சிம்மோடு அவள் கையில் வைத்துவிட்டுப் பழையதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டீர்கள். அதற்குள் இருந்த சிம்மை எடுக்க வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆதாருக்கும் கேஸ் புத்தகத்துக்கும் அவள் கொடுத்திருந்த நம்பர் அது.

தீபாவளி முடிந்த மறுநாள் சிலிண்டர் தீர்ந்தது. பதிவு செய்யப் போன் போட்டால் ஒரு பெண் குரல், தமிழுக்கு ஒன்றை அழுத்து என்றது. அழுத்தினேன். இந்தியில் பேசியது. நேரிலேயே போவோம் என்று இரண்டு பேரும் ஏஜென்சிக்குப் போனோம். கவுண்டரில் சபரிநாதன் என்று ஒரு பையன். புத்தகம் அம்மா பெயரில் இருக்கிறது, அம்மா கைரேகை வைத்தால்தான் இனி சிலிண்டர் என்றான். உங்கள் அக்கா பெருவிரலை வைத்தாள். மெஷின் சிவப்பாக எரிந்தது.

“நல்லா அழுத்துங்கம்மா.”

“அழுத்திக்கிட்டுத்தான்யா இருக்கேன்.”

“சேலையில தொடைச்சிட்டு வைங்க. அடுத்த வெரலு. இல்ல, அந்தக் கையி. ரேகையே விளமாட்டேங்குதே!”

பத்து விரலும் முடிந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது உங்கள் அக்கா, “தம்பி, எனக்குக் கையெளுத்துப் போடத் தெரியும். போட்டுத் தரட்டுமா?” என்று கேட்டாள். அறிவொளி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டது அது. பகலெல்லாம் பட்டாசுக் கம்பெனியில் விரலால் வெடிமருந்து அடைத்துவிட்டு வந்து, சாயங்காலம் சிலேட்டோடு உட்கார்ந்தவள். கைநாட்டு வைக்கிறவள் என்று இனி ஒருத்தனும் என்னைச் சொல்ல முடியாது என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போட்டுக் காட்டியவள். பையன் என்ன சொன்னான் தெரியுமா? “கையெளுத்தெல்லாம் பழைய காலம்மா. அத எடுத்துட்டாக. இப்ப கைநாட்டுத்தான்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை. “கால் வெரலும் பத்து இருக்குலே, அதையும் வைக்கச் சொல்லுதியா?” என்று கத்தினேன். தெருவே நின்று பார்த்தது. பையன் உள்ளே போய்விட்டான், திரும்பி வரவேயில்லை.

சூலக்கரைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறிப் போனோம். அங்கே இருந்தவர் உங்கள் அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் பாத்திரம் விளக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாருங்கள், கொஞ்சம் தெளியும் என்றார். அந்த ஒரு வாரமும் பாத்திரம் விளக்கியது யார் என்று உங்களுக்கு விளக்கமாக எழுத விரும்பவில்லை. மூன்று கல்லை வைத்து நனைந்த விறகில் சோறாக்கியதும் நானே. மழை வேறு. புகையில் அவளுக்கு இருமல், எனக்குக் கண்ணீர். நீங்கள் இடித்த அடுப்பை அந்த ஏழு நாளும் மூன்று வேளையும் நினைத்தேன், உங்களையும் சேர்த்து.

மறுபடி போனோம். எண்ணெயில் விரல் வழுக்கியதே தவிர ரேகை விழவில்லை. போனுக்கு ஆறு இலக்க நம்பர் ஒன்று வரும், அதைச் சொன்னாலும் போதும் என்றார். எந்தப் போனுக்கு? பேரீச்சம்பழத்துக்குப் போன போனுக்கு. அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“யாருய்யா பாலம்மா? நீங்கதானா? வருசம் பூரா அவளுக்கு வர்ற மெசேஜுச் சத்தத்துல என் ஆடெல்லாம் மெரளுதுய்யா!”

பெயர் குருவம்மாள், ஊர் மல்லாங்கிணறு. சும்மா கிடந்த நம்பர் என்று போன் கம்பெனிக்காரன் அதை அவளுக்குக் கொடுத்திருக்கிறான். பாவம், அவளுக்கு எழுத்து தெரியாது. ஆகவே மறுநாள் உங்கள் அக்காவைச் சூலக்கரையில் மெஷின் முன்னால் உட்காரவைத்துவிட்டு, நான் மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறிப் பருத்திக்காட்டில் குருவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காட்டில் சிக்னல் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் வரப்பு வரப்பாக ஓடினோம். கண்மாய்க்கரை மேல் ஏறியதும் நம்பர் வந்தது. கூப்பிட்டுச் சொன்னால் நேரம் கடந்துவிட்டது என்றார்கள். மூன்று தடவை இப்படி. இன்றைக்கு இனி வராது என்று மெஷினே சொல்லிவிட்டதாம். குருவம்மாள் ஒரு செம்பு கூழ் கொடுத்து, “அந்தம்மா இருக்காகன்னு நான் வேணா வந்து சொல்லுதேன்யா” என்றாள். இந்த மூன்று வாரத்தில் எங்களுக்குச் சாட்சி சொல்ல முன்வந்த ஒரே ஜீவன் அவள்தான்.

அன்று சூலக்கரைக்குத் திரும்பி உங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பெருவிரலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆமத்தூர் தாண்டியதும் சொன்னாள்: “இருவத்தெட்டு வருசத்துல கொஞ்சங் கொஞ்சமா கம்பெனியிலயே விட்டுட்டு வந்துட்டேன் போல.” ஊருக்கெல்லாம் வாணமும் சரமும் செய்து அனுப்பிய விரல் அது, மாப்பிள்ளை. தேய்ந்தபோது ஒருவரும் கேட்கவில்லை. இப்போது எங்கே ரேகை என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் தெரிந்தால் நீங்கள் எழுதுங்கள்.

ஆகவே முடிவாகத் தெரிவிக்கிறேன். இனி அந்த ஏஜென்சி வாசலை நான் மிதிக்கப் போவதில்லை. கடைசி வரை விறகுதான், புகைதான். கழித்துக்கட்ட வேண்டியவை என்று உங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது அல்லவா? அதில் அந்த மெஷினையும், ஒன்றை அழுத்தச் சொல்கிற பெண்ணையும், உங்கள் யோசனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் எல்லோருடைய பத்து விரலும் ரேகை அழியாமல் நீடூழி இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

செந்தூர்பாண்டி

பி.கு.: தம்பி, நான் அக்கா எளுதுறேன். ஒங்க மச்சான் ஸ்டாம்பு வாங்கப் போயிருக்காக. நேத்து அவுக முடி வெட்டப் போன நேரத்துல, பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வியக் கூட்டிக்கிட்டு நான் ஏஜென்சிக்குப் போயிட்டு வந்தேன். அந்தப் பையன் போன எடுத்து என் மொகத்துக்கு நேரா பிடிச்சான். கண்ணச் சிமிட்டச் சொன்னான். சிமிட்டுனேன். முடிஞ்சுபோச்சுன்னுட்டான். வெரலே வேண்டாமாம், மொகமே போதுமாம். என் போனுக்கு மெசேஜு வந்தா அவுக பாத்துருவாகன்னு பாண்டிச்செல்வி நம்பரக் குடுத்தேன், எளுதிக்கிட்டான். ஏம்ப்பா இத அன்னைக்கே சொல்லலன்னு கேட்டேன். “சொல்லத்தாம்மா போன எடுக்க உள்ள போனேன். வந்து பாத்தா ஒங்களக் கையப் பிடிச்சு இளுத்துக்கிட்டுப் போயிட்டாரு” அப்படிங்கான். சிலிண்டரு நாளைக்கு வருது. அவுககிட்ட இன்னும் சொல்லல. எனக்காக மூணு வாரம் அலைஞ்ச மனுசன், சட்டுன்னு சொன்னா ஒடைஞ்சு போயிருவாக. என்ன சொல்லலாம்னு ராத்திரிக்குள்ள யோசிக்கணும். நீ போன் போட்டு ஒளறிறாத.