வெள்ளவத்தையில் எரிமலை எங்கே?

நடந்தவை வரிசைப்படி:

1. கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒழுங்கையில் மாமா நடத்திய லொட்ஜில் தண்ணீர் போதவில்லை.
2. இந்தியாவின் எரிமலைப் பாறைப் பிரதேசத்தில் நிலத்தடி நீர் தேடப் படித்துவிட்டு நான் வந்திறங்கினேன்.
3. பொலிஸ் பிடித்தது.
4. பொலிஸ் விட்டது.
5. தண்ணீர் வந்தது.

நாசமாய்ப் போனது ஐந்தாவதில்.

யுத்த காலம். லொட்ஜ் நிறைய விசாவுக்குக் காத்திருந்த யாழ்ப்பாணத்துச் சனம்.

"குழாய்க்கிணறு இல்லையெண்டால் பாதிப் பேரை அனுப்பத்தான் வேணும் பிள்ளை," என்றார் மாமா.

மேல்மாடியில் கைக்குழந்தையோடு இருந்த புஷ்பம் அக்காவுக்குப் போக வேறு இடமில்லை. "தங்கச்சி, எங்க தோண்டுறதெண்டு பார்த்துச் சொல்லுங்கோவன்."

முறை எளிது. நிலத்தில் இரும்புக் கம்பிகளை அடித்து மின்சாரம் செலுத்த வேண்டும். அது சுலபமாகப் பாயும் இடத்தில் பாறை வெடித்து நீர் தேங்கியிருக்கும். (எரிமலைப் பாறையில். இந்த அடைப்புக்குறி அன்று என் தலைக்குள் இருக்கவில்லை.) லொட்ஜின் பின்மதிலடியில் மின்சாரம் பாய்ந்த சுலபத்தை நான் எங்கும் கண்டதில்லை. பூரித்துப் போய் நிமிர்ந்தேன். பொலிஸ் நின்றது.

பற்றரி, வயர், தமிழ்ப் பெயர். அந்த நாள்களில் மூன்றாவது மட்டுமே போதும். மத்தியானம் வரை பொலிஸ் நிலைய மரவாங்கில் இருத்தினார்கள். அதிகாரி என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, தங்கச்சி என்று சிங்களத்தில் விளித்துக் கேட்டார்: "நங்கி, வெள்ளவத்தையில் எரிமலை எங்கே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூளை இல்லாத கேள்வி என்று நினைத்து வகுப்பே எடுத்தேன். மின்சாரம் பாய்ந்தால் தண்ணீர், எரிமலை எதற்கு? அவர் நம்பினாரோ தெரியாது, நான் முழுதாக நம்பிவிட்டேன். திரும்பி வந்து, இருந்த கோபத்தில் மறுபடி அளக்காமலே மதிலடியைக் காட்டினேன்.

துளைத்தார்கள். பம்ப் போட்டதும் தண்ணீர் கொட்டியது. மாமா கைதட்டினார். புஷ்பம் அக்கா ஒரு மிடறு குடித்துத் துப்பினார்.

"தங்கச்சி, இது கடல்."

உப்புத் தண்ணீரில் மின்சாரம் வெகு சுலபமாகப் பாயும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

மாமா பாதிப் பேரை அனுப்பினார். புஷ்பம் அக்கா கொட்டாஞ்சேனைக்கு, எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தார். நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அறிவித்தேன்.

வயரோடு நின்றதற்காக என்னை வாங்கில் இருத்திய கோபம் இன்னும் ஆறவில்லை. இருத்தியவரே சரியான கேள்வியையும் கேட்டுத் தொலைத்தார் என்பது அதைவிட எரிகிறது.

விசா வரும்வரை புஷ்பம் அக்கா எங்களோடுதான் இருந்தார். கறிக்கு உப்புக் காணாவிட்டால் வீட்டில் இன்றைக்கும் சட்டியை என் பக்கம் நகர்த்துகிறார்கள். கிணறு அதே மதிலடியில் இருக்கிறது. லொட்ஜின் கக்கூஸ்களுக்கு அந்தத் தண்ணீர்தான்.