ஊலாங் கடித்த கடி

ஆகஸ்ட் மாத வெயிலில் ஒரு மனிதன் வீரமாக முடிவெடுத்தால் அது ஏ.சி.யைப் பற்றியதாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஏ.சி. ஒன்றுதான். அது படுக்கையறையில் இருக்கிறது. அந்த அறையில் கட்டிலும் ஒன்றுதான். அந்தக் கட்டிலில், ஏ.சி. காற்று நேராக விழும் என் பக்கத்தில், ஊலாங் படுத்திருந்தது.

ஊலாங் தேயிலை நிறத்தில் ஒரு கிழட்டு நாய். என் மனைவி பி-யுன்னுடைய அக்கா காவ்ஷியுங்கில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனபோது, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி அதை எங்கள் தாய்துங் வீட்டில் விட்டுப் போனாள். வந்த அன்று அது கட்டிலைப் பார்த்தது. ஏ.சி.யைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. மூன்றில் எது வெளியே போக வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டது.

அதற்கு நடந்த ராஜ உபசாரத்தை என்னவென்று சொல்ல! பி-யுன் மீனில் முள் எடுத்து, நசுக்கி, கஞ்சியில் பிசைந்து, ஆறவைத்து, கையால் ஊட்டுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் மீனில் ஒரு முள்ளைக்கூட அவள் எடுத்ததில்லை. கேட்டால், "அது வயசானது" என்பாள். எனக்கு மட்டும் என்ன இளமை திரும்பிக்கொண்டிருக்கிறதா?

கட்டிலின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்தில் ஒருக்களித்துப் படுத்தபடி அன்று சபதம் செய்தேன். இந்தக் கட்டிலில் இனி ஒன்று நான், இல்லை நாய்.

வழி காட்டியதும் பி-யுன்தான். எங்கள் பேட்டை அலுவலகத்தில் அறிவிப்பு வாசிப்பவள் அவள். தினமும் காலையில் கம்பத்து ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தால் தெருவில் சைக்கிள்கூட மெதுவாகப் போகும். வீட்டில் என்னோடு பேசுவதும் அதே குரல்தான். ஒலிபெருக்கி மட்டும் இருக்காது, அது தேவையும் இல்லை. அந்தக் கோடையில் கீரி மாதிரி ஒரு காட்டுப் பிராணி, நெற்றியில் வெள்ளைக் கோடு போட்டது, மலையிலிருந்து வெறிநோயோடு இறங்கத் தொடங்கியிருந்தது. பல காலம் எங்கள் தீவில் இல்லாத நோய். ஊரே நடுங்கியது. பி-யுன் தினமும் விதிமுறையை வாசித்தாள்: வளர்ப்புப் பிராணி யாரையாவது கடித்தால் உடனே தெரிவிக்க வேண்டும், அதைப் பத்து நாள் தனியறையில் பூட்டிக் கண்காணிக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது.

இதுவரை கேட்டுவிட்டு நான் குளிக்கப் போய்விடுவேன். அறிவிப்பில் மிச்சமும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது.

பத்து நாள் தனியறை! எங்கள் வீட்டில் தனியறை என்றால் பின்பக்கம் பழைய பாயும் உடைந்த பெட்டியும் கிடக்கும் சாமான் அறைதான். அங்கே பத்து நாள் இருந்து பழகிவிட்டால் நாய் பிறகு கட்டிலைக் கேட்காது. குறை ஒன்றுதான். ஊலாங் யாரையும் கடிப்பதாக இல்லை.

ஒரு மத்தியானம். தட்டில் கொய்யாத் துண்டுகள். அதில் குத்தியிருந்தது ஒரு பழக் குச்சி, சின்னது, நுனி இரண்டாகப் பிரிந்தது. ஊலாங் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பி-யுன் துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். நான் கால்சட்டையை மடித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கெண்டைக்காலில் குச்சியால் குத்தினேன். ஒரு தடவை குத்தினால் கொசு என்று சொல்லிவிடுவாள். அதனால் பக்கத்திலேயே இன்னொன்று. பிறகு தெரு கேட்கக் கத்தினேன். அந்தக் கத்தலில் நடிப்பு குறைவு.

பி-யுன் இறங்கி வந்தாள். காலைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். கொய்யாத் தட்டையும் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"கடிச்சுடுச்சு."

"தூங்கிக்கிட்டேவா?"

"கடிச்சுட்டுத் தூங்கிடுச்சு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இது சாதாரண நாய் செய்யற வேலையா?"

"நிச்சயமா ஊலாங்தானே?"

"பின்ன நானே கடிச்சுக்கிட்டேனா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கே பாவமாக இருந்தது. "சரி, விதின்னா விதி" என்றாள். சொல்லிவிட்டு என்னைக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும் என்பதும் விதியாம். விதியில் எந்தப் பிரஷ் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. அவள் எடுத்து வந்தது இரும்புச் சட்டி தேய்க்கிற மூங்கில் பிரஷ். சட்டிக்குக்கூட அவள் அவ்வளவு நேரம் செலவழித்துப் பார்த்ததில்லை.

சாயங்காலத்துக்குள் மாவட்டத்திலிருந்து கால்நடை அதிகாரி வந்துவிட்டாள். ஷென் என்று பெயர். சின்னப் பெண், தடித்த கையுறை. ஊலாங்கைத் தட்டி எழுப்பி, உதட்டைத் தூக்கி வாய்க்குள் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். பிறகு பி-யுன்னைப் பார்த்தாள். ஷென்னுக்குத் திடீரென்று பலமான இருமல் வந்தது. வெளியே போய் இருமிவிட்டு வந்தாள்.

"ஐயா, எத்தனையோ நாய்க்கடி பார்த்திருக்கேன். இந்த மாதிரி ஒரு கடியை நான் பார்த்ததே இல்லை."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இப்பவும் நீங்க மாத்திச் சொல்லலாம்" என்றாள். "நாய் கடிக்கலை, வேற ஏதோ குத்திடுச்சுன்னு சொன்னா நான் இப்படியே போயிடுவேன். நீங்க கடிதான்னு சொன்னா விதி நடந்தே ஆகணும்."

பி-யுன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, பொதுநலன் என்று ஒன்று இருக்கிறது, என் சொந்த வேதனை பெரிதல்ல, ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று பேசினேன். நன்றாகப் பேசினேன். ஷென்னுக்கு மறுபடி இருமல் வந்தது.

அவள் போனதும் நான் ஊலாங்கின் துண்டை எடுத்துக்கொண்டு சாமான் அறைப் பக்கம் நடந்தேன்.

"எங்க போற?" என்றாள் பி-யுன்.

"தனியறை தயார் பண்ணப் போறேன்."

அப்போதுதான் அவள் அறிவிப்பின் மிச்சப் பாதியைச் சொன்னாள். அதே கம்பத்துக் குரலில், மூச்சு விடாமல்: "சந்தேகத்துக்கு உரிய பிராணியைப் பழகிய இடத்திலிருந்து மாற்றக் கூடாது. வெயிலோ வெளிச்சமோ சத்தமோ படக் கூடாது. அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கவனிக்கிறவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். கடிபட்டவர் அந்த அறைப் பக்கமே போகக் கூடாது."

படுக்கையறைக் கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே ஏ.சி. ஓடத் தொடங்கியது. நான் நாய்த் துண்டோடு கூடத்தில் நின்றேன். பிரமித்துப்போனேன் என்று உண்மையாகவே சொல்கிறேன். நான் நாள் கணக்கில் யோசித்துக் கட்டிய கோட்டையை அவள் ஒரே மூச்சில் நாய்க்குக் குடிக்கூலி இல்லாமல் கொடுத்துவிட்டாள்.

கூடத்தில் என் மாமனார் சீதனமாகக் கொடுத்த கருமரப் பெஞ்சு இருக்கிறது. சாய்மானத்தில் டிராகன் செதுக்கியிருக்கும். பார்க்க அழகு, படுக்க அல்ல. புரண்டால் டிராகனின் மூக்கு முதுகில் குத்தும். பழைய மின்விசிறி வெக்கையைக் கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளிவிட்டு, மறுபடி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது.

மறுநாள் காலை ஒலிபெருக்கி கேட்டுத் துள்ளி எழுந்தேன். நம் பேட்டையில் ஒருவரை நாய் கடித்துவிட்டது, யாரும் பதற வேண்டாம், அவருடைய மானத்தை முன்னிட்டுப் பெயரைச் சொல்லவில்லை என்றாள் பி-யுன். அப்பாடா என்று படுத்தேன். "அவர் இந்த அறிவிப்பாளருடைய கணவர்" என்று முடித்தாள்.

அன்று சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. வழக்கம்போலத் தெருவே பையும் கையுமாகக் கூடியிருந்தது. நான் போனதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மேயர் வந்தால்கூட அப்படி விடமாட்டார்கள். சீட்டாட வருகிற என் சிநேகிதர்கள் வண்டிக்கு அந்தப் பக்கமாக நின்று தலையாட்டினார்கள். ஆவியில் வேகவைத்த பன் விற்கிற ச்சியூ அக்கா மட்டும் தைரியசாலி. ஒரு கோப்பையில் தண்ணீரை வைத்து, அதைத் துடைப்பத்தால் என் பக்கம் தள்ளினாள்.

"ஆ-ஹுவோ அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வெறி வந்தா தண்ணியக் கண்டா பயம் வருமாம். ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க."

"அக்கா, கடிச்சு ஒரு நாள்தான் ஆச்சு."

"அதனாலதான் தினமும் பார்த்துக்கலாம்னு."

குடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதிலிருந்து தினமும் குப்பை வண்டி வந்ததும் ஒரு கோப்பை காத்திருந்தது. அடுத்த தெருவிலிருந்தும் பார்க்க வந்தார்கள்.

பத்து நாளும் ஊலாங் போர்வைக்குள் கிடந்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பி-யுன் அதற்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள், கஞ்சி ஊட்டுவாள், என்னவோ கதை சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எனக்குப் புரிந்தது. ஏ.சி. இல்லாமல்கூட இருந்துவிடலாம். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பியே எத்தனையோ காலமாகிவிட்டது. ஒரு நாய் பெறுகிறதை நான் கேட்டுப் பெறத் தெரியாமல் காலில் குத்திக்கொண்டேனே என்று அன்று வெட்கமாக இருந்தது.

கதவருகே போய், கடி அவ்வளவு ஆழமில்லை, இத்தோடு விட்டுவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். விதி என்று ஒரே வார்த்தை வந்தது. போகட்டும், கொய்யாவாவது சாப்பிடலாம் என்றால் பழக் குச்சியைக் காணோம். எங்கே என்று கேட்டேன்.

"அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு" என்றாள். கையாலேயே சாப்பிட்டேன்.

கெடு முடிந்த அன்று ஷென் வந்தாள். ஊலாங் பூரண ஆரோக்கியம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். என் காலையும் பார்த்து, இதுவும் ஆரோக்கியம்தான் என்றாள். இருமல் இன்னும் விடவில்லை பாவம்.

சமையலறையிலிருந்து வாசனை வந்தது. பன்றிக்கால் வெந்துகொண்டிருந்தது, கூடவே நூலாட்டம் மெல்லிய கோதுமைச் சேமியா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்ட காலத்தைக் கடந்து வந்தவனுக்கு எங்கள் ஊரில் வைக்கிற விருந்து அதுதான். என்ன இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான். கை கழுவிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன்.

பெரிய கிண்ணம் என்னைத் தாண்டிப் போனது. பி-யுன் தரையில் உட்கார்ந்து, கறியை எலும்பிலிருந்து உருவி, நசுக்கி, ஊலாங்குக்கு ஊட்டினாள்.

"கெட்ட காலம் எனக்குத்தானே வந்துச்சு?" என்றேன்.

"ஜெயில்லேர்ந்து வந்தவனுக்கும் இதான் வைக்கணும். அதுவும் செய்யாத குத்தத்துக்கு உள்ள இருந்துட்டு வந்தவனுக்கு ரெண்டு கால் வைக்கணும்."

கௌரவத்தைக் காப்பாற்ற ஏதாவது பேச வேண்டுமே. "நாய்க்கு எலும்ப எடுத்துட்டுக் கறி போடற வீடு இந்தத் தீவுலயே இதுதான்" என்றேன்.

பி-யுன் ஊலாங்கின் உதட்டை மெல்லத் தூக்கிக் காட்டினாள். மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன். குழந்தை வாய் மாதிரி ரோஜா நிறத்தில் வெறும் ஈறு.

"அக்கா வீட்டுல இருந்தப்பவே கடைசிப் பல்லையும் டாக்டர் எடுத்துட்டாரு. நீ ஒரு நாளாவது அத ஆசையாத் தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்ப முதல் நாளே உனக்கு..."

"ஷென்னுக்கும் தெரியும். ச்சியூ அக்காவுக்கும் தெரியும்."

அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. ஒரு மலையின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தேன். தெருவே சேர்ந்து எனக்குத் தினமும் தண்ணீர் கொடுத்திருக்கிறது, ஒருவர் முகத்திலும் ஒரு கோணல் இல்லை. இவளோடு போய் மோதினேனே.

"இன்னைக்கு ராத்திரி உள்ள படுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகக் கேட்டேன்.

"இத அன்னைக்கே கேட்டிருந்தா ஊலாங்க கால்மாட்டுக்கு நகர்த்தியிருப்பேன். வா."

சொல்லிவிட்டு எழுந்து போய், அலமாரி இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்தாள். உள்ளே ஒரு வெள்ளைத் துணி. துணிக்குள் அந்தப் பழக் குச்சி. அதை எடுத்துக் கொய்யாத் தட்டில் வைத்து, என் முன்னால் நகர்த்தினாள்.

"விதிப்படி உன்னக் கடிச்சதப் பத்து நாள் தனியாப் பூட்டி வெச்சுப் பார்த்தேன். வெறி ஒண்ணும் இல்ல. பயப்படாமச் சாப்பிடு."