வெள்ளி மஸ்கியும் ஒருமனதான தீர்மானமும்

“அந்த மீனோட போட்டோவைக் காட்டுங்க” என்றாள் டானா.

மனிதகுல நாகரிகம் தன் உச்சத்தைத் தொட்ட இடம், அமெரிக்காவின் வடக்கு விஸ்கான்சினில் ஒரு மதுக்கடையின் பின்னறையில் கூடும் மஸ்கி மீன்பிடிப்போர் சங்கம். அங்கே நாற்பது ஆண்டுகளில் எவரும் வைக்கத் துணியாத கோரிக்கை அது. சங்கத்தின் மீன்பண்ணை வேலையில் சேர்ந்த அன்றே செயலாளர் டானாவை எச்சரித்திருந்தார்: “சம்பள உயர்வுகூடக் கேளும்மா. தலைவர் பிடிச்ச மீனுக்குப் போட்டோ மட்டும் கேட்டுடாதே.”

நன்னீர் வேட்டைமீனான மஸ்கியில் பெரிதாக ஒன்று மாட்டினால் அளந்து, படமெடுத்து, ஏரியிலேயே விட்டுவிடுவது அங்கே மரபு. பிறகு அதே அளவில் ஃபைபர் மீன் செய்து, வர்ணம் பூசிச் சுவரில் மாட்டுவார்கள். தலைவர் ஆர்வின் ஸ்டென்ஸ்ருட் பிடித்த மீன் அப்படித்தான் தொங்கியது. வெள்ளி உடல், கரும்புள்ளிகள். அதை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே சங்கம் ஓர் அறிவியல் உண்மையைக் கண்டடைந்திருந்தது: வெள்ளி நிறம்தான் ‘மண்ணின் மஸ்கி’; பச்சை உடலில் பட்டை போட்டதெல்லாம் ‘வந்தேறி’.

ஏரியில் இருந்தவை அத்தனையும் பட்டை போட்டவை என்பது ஒரு சிறு நிர்வாகச் சிக்கல்.

அதைத் தீர்க்கவே அன்றைய தீர்மானம். அந்த ஏரியின் தாய்மீன்களிடமிருந்து முட்டை எடுத்து டானா ஐந்து மாதம் வளர்த்த எண்ணூறு குஞ்சுகளையும் அழித்துவிடுவது. ‘மண்ணின் மஸ்கி’யைப் பக்கத்து மாநிலத்திலிருந்து வரவழைப்பது.

“ஊருக்கு ஊர் மஸ்கியோட நிறம் மாறும். புள்ளி அந்த ஊரு, பட்டை நம்ம ஊரு. இது முதல் வருஷப் பாடம்” என்றாள் டானா.

“படிச்ச திமிரு” என்றார் பொருளாளர், வறுத்த மீனை மென்றபடி. “காகித ஆலைக் கூலிக்காரன் வீட்டுல முதமுதலா ஒண்ணு காலேஜுக்குப் போச்சு, ஊரே தாங்கல.”

“சரி, போட்டோ எங்க?”

மீனுக்கு வர்ணம் பூசிய லைல் மூன்றாவது பிராந்தியில் இருந்தார். உண்மைக்கு அது போதும். மாதிரிக்கென்று அன்று தலைவரிடம் வாங்கிவைத்திருந்த படத்தைப் பர்சிலிருந்து எடுத்து மேசையில் போட்டார். பச்சை மீன். பட்டை பட்டையாக.

“சுவரு பச்சையில்ல? பச்சை மேல பச்சை எடுபடாது, வெள்ளி அடிடான்னாரு தலைவர். புள்ளி நானா வச்சது.”

கமிட்டி படத்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஆழ்ந்து ஆராய்ந்தது. படத்தில் வெளிச்சம் சரியில்லை. ஆகவே மீன் வெள்ளியே. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. லைலும் கை தூக்கினார்.

“நாளைக்குத் தொட்டியைக் காலி பண்ணிடும்மா” என்றார் தலைவர், கனிவோடு.

டானா பண்ணைச் சாவியை மேசையில் வைத்தாள்.

“நீங்க எப்படிக் கை தூக்குவீங்கன்னு தெரியும். காலையிலேயே காலி பண்ணிட்டேன். எண்ணூறும் ஏரியில இருக்கு. ஒரு மஸ்கிக்குப் பத்தாயிரம் தடவை தூண்டில் வீசணும்னு பெருமையடிப்பீங்களே, வீசுங்க. உங்க தாத்தா நார்வேயில கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே அந்தப் பட்டை இங்க நீந்திட்டிருந்துச்சு, தலைவரே. வந்தேறி யாருன்னு அடுத்த கூட்டத்துல தீர்மானம் போடுங்க.”

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். அந்தக் குளிரில் கதவைச் சாத்தவுமில்லை.