வடை லீவும் ஒப்பாரி லீவும்

கல்யாணம் ஆகும்வரை எனக்கு லீவு என்றால் அமாவாசைதான். பிள்ளையார்பாளையத்தில் பிறந்த எவளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள். அமாவாசையன்று தறி ஓடாது, மற்ற நாளெல்லாம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பது ஐந்தாவது வரை படித்த எனக்குத் தெரியும்; எங்கள் வீட்டுத் தறிக்குத் தெரியாது. லீவு என்றால் தலை முழுகி, படையல் போட்டு, வடை பாயசத்தோடு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசுவது. உலகத்தில் அழுவதற்கென்று ஒரு லீவு விடுவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. (ஆறாவதில் சொல்லித் தருவார்களோ என்னவோ.)

என்னைப் பாங்கில் குமாஸ்தாவாக இருந்தவருக்குக் கொடுத்தார்கள். எங்கள் சனத்தில் தறிக்குழியில் கால் வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கும் மாப்பிள்ளை அப்போது அபூர்வம். மாமனார் மாமியாரும் கிடையாது. அதிர்ஷ்டக்காரி என்று தெருவே பேசியது. ரயிலடிப் பக்கம் ஒரு சந்தில் வாடகை வீட்டில் என்னை இறக்கி விட்டுவிட்டு, கொண்டுவந்து விட்டவர்கள் அன்று சாயங்காலமே போய்விட்டார்கள்.

நான் பிறந்த வீட்டில் தறிச் சத்தம் ஓய்ந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இந்த வீட்டில் சத்தமே கிடையாது. வீட்டுக்காரர் காலையில் பாங்குக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருவார். நல்ல மனிதர். கோபம் வராது, பேச்சும் வராது. 'சோறு' என்பார், 'போதும்' என்பார். அம்மா வீடு அதே ஊர்தான், நடந்தே போய்விடலாம். ஆனால் புதுப்பெண் கூப்பிடாமல் போகக்கூடாது. அங்கேயோ, சௌக்கியமாக இருக்கிறவளை எதற்குக் கூப்பிடுவது என்று இருந்துவிட்டார்கள். பகலில் நான் அம்மியோடு பேசினேன். அதுவும் அவரைப் போலத்தான், கேட்டுக்கொள்ளும்.

பக்கத்து வீட்டில் மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் குடும்பம். கிறிஸ்தவர்கள். அவர் மனைவி எஸ்தருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். கிணற்றடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளை அதட்டுவதும் சிரிப்பதும் கேட்கும். அவளோடு பேச வேண்டும் என்று எனக்கு உயிர் போகும் ஆசை. ஒரு வார்த்தை ஆரம்பித்துவிட்டால் போதும், அப்புறம் அவளே பேசிக்கொள்வாள் என்று தோன்றும். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. தீபாவளிக்கு ஒரு தட்டு அதிரசம் எடுத்துக்கொண்டு அவள் வாசல்வரை போனேன். கதவு திறந்திருந்தது. அதுதான் வம்பு. சாத்தியிருந்தால் தட்டியிருப்பேன், திறந்திருக்கும் கதவுக்குள் என்ன சொல்லிக்கொண்டு நுழைவது? திரும்பி வந்து அத்தனையையும் நானே தின்றேன். (மறுநாள் வயிற்று வலிக்கு மருந்து கொடுத்தது அந்தக் கம்பவுண்டர்தான். வீட்டுக்காரர் வாங்கி வந்தார். கம்பவுண்டர் முகத்தை நான் சுவருக்கு மேலே குடை தெரிகிற அளவுக்குத்தான் பார்த்திருந்தேன்.)

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னார், நாளைக்கு பாங்கு லீவு என்று. என்ன விசேஷம் என்று கேட்டேன். கிறிஸ்தவர்கள் பண்டிகை என்றார். தாம் சிநேகிதர்களோடு தாமல் ஏரி பார்க்கப் போவதாகவும் சொன்னார். அந்த மாதத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

லீவில் அவர் வீட்டில் இருப்பார் என்று நினைத்த மனசு ஒரு நிமிஷம் சுருங்கியது. அப்புறம் திடீரென்று விரிந்தது. கிறிஸ்தவர்கள் பண்டிகை! எஸ்தர் வீட்டுப் பண்டிகை! பண்டிகைக்குப் பலகாரத் தட்டோடு போகிறவள் வாயைத் திறக்கவே வேண்டாமே. தட்டை நீட்டினால் போதும், பேச வேண்டியது வாங்குகிறவள்தான். இதைவிட்டால் இன்னொரு வழி எனக்கு எந்த ஜன்மத்தில் கிடைக்கும்?

விடிகிறதற்குள் எழுந்து தலை முழுகினேன். வெள்ளிக்கிழமை வேறு. எங்கள் வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டுப் பார்த்தால் எஸ்தர் வாசல் வெறிச்சென்று கிடந்தது. பாவம், பண்டிகை வேலையில் மறந்திருப்பாள் என்று அங்கேயும் ஒரு பெரிய தேர்க்கோலம் போட்டுச் செம்மண் பூசினேன். அத்தோடு நின்றிருக்கலாம். சந்துக் கோடி மாமரத்தில் இலை பறித்து வந்து அவர்கள் நிலையில் தோரணமும் கட்டினேன். (எட்டவில்லை. அவர்கள் வாளியையே கவிழ்த்துப் போட்டு ஏறினேன்.) வீட்டுக்காரர் ஏரிக்குக் கிளம்பிப் போனதும் அடுப்பு மூட்டி, உச்சிப் பொழுதுவரை வடை சுட்டேன். புகையும் வாசனையும் சுவர் தாண்டிப் போகட்டும் என்று பின்கதவைத் திறந்து வைத்தேன். அந்த வீட்டில் குழந்தைகள் முதற்கொண்டு அன்று பட்டினி என்பது எனக்குத் தெரியாது.

கூறைப் புடவையைக் கட்டினேன். கையகலச் சரிகை போட்ட அரக்குச் சிவப்பு. தலை நிறைய மல்லிகை. தாம்பாளத்தில் வடை, அதிரசம், வெற்றிலை பாக்கு, குங்குமம். மாரியம்மன் மாதிரி இருந்திருப்பேன். இந்தத் தடவையும் கதவு திறந்துதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நுழைந்துவிட்டேன்.

திறந்தபோது எதிரே ஒரே வெள்ளை. கூடம் முழுக்கப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாருக்கும் வெள்ளைப் புடவை. நகை இல்லை, பூ இல்லை. எஸ்தரின் மாமியார் மடியில் ஒரு பெரிய புத்தகத்தை வைத்துக்கொண்டு தழுதழுத்த குரலில் வாசித்தாள். மற்றவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் மூலையில் வாடிப்போய்க் கிடந்தன. எஸ்தரும் வெள்ளைதான், அவள் கண்ணும் சிவந்திருந்தது. கம்பவுண்டரை மட்டும் எங்கேயும் காணோம்.

இதைக் கூட்டிப் பார்க்க ஐந்தாவது வகுப்பே அதிகம். ஐயோ, சாவு விழுந்த வீட்டு வாசலில் தேர்க்கோலம் போட்டு, தோரணம் கட்டி, சிவப்புப் பட்டில் வடையோடு வந்து நிற்கிறேனே!

தாம்பாளம் கையிலிருந்து இறங்கியது தெரியும். அதற்கப்புறம் நடந்தது பழக்க தோஷம். எங்கள் பாளையத்தில் சாவு வீட்டுக்குப் போனால் நின்று துக்கம் விசாரிப்பதில்லை. நேரே போய்க் கட்டியவளின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒப்பாரி எடுக்க வேண்டும். எனக்கு இந்த உலகத்தில் வெட்கமில்லாமல் செய்ய வந்த காரியம் அது ஒன்றுதான். ஒப்பாரியில் யாரும் நம்மைப் பதில் கேட்பதில்லையே. எஸ்தரைக் கட்டிக்கொண்டேன், எடுத்தேன்.

எடுத்தது நின்றால்தானே? எனக்கே தெரியாத குரல் எங்கிருந்தோ வந்தது. எஸ்தர் முதலில் விறைத்தாள், அப்புறம் அவளுக்கும் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மாள் என் முதுகைத் தடவி, கர்த்தர் இந்தப் பெண்ணைத் தொட்டுவிட்டார் என்று பக்கத்தவளிடம் மெல்லச் சொன்னாள். அத்தனை பேரும் புதுசாக அழ ஆரம்பித்தார்கள். நான் இன்னும் உரக்க எடுத்தேன்.

"ஊரு சொரத்தையெல்லாம் ஓட்டி வுட்ட ராசாவே,
ஒனக்கு வந்த சொரத்துக்கு மருந்தில்லாம போனியே!
கம்பவுண்டர் ராசாவே, கட்டிலுல சாஞ்சியே!"

கூடம் சட்டென்று நின்றது. மாமியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். அந்த அமைதியில் வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி வேலை முடிந்து, கோலத்தை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து, கம்பவுண்டர் உள்ளே வந்தார். ஆஸ்பத்திரிக்கு எந்தப் பண்டிகைக்கும் லீவு கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அந்நிய ஆம்பிளையோடு என் ஆயுளில் நான் முதன்முதலாகப் பேசிய பேச்சு இது:

"நீங்க சாவலியா?"

"இன்னும் இல்லம்மா," என்றார் அவர், நிதானமாக. "வேல முடிய நேரமாயிட்டுது."

மூலையில் கிடந்த குழந்தைகள்தான் முதலில் சிரித்தன. பிறகு ஒரு வெள்ளைப் புடவை குலுங்கியது, அப்புறம் இன்னொன்று. மாமியாருக்கு மட்டும் முகம் கறுத்துவிட்டது. "ஆண்டவர சிலுவையில அடிச்ச நாளு. நாங்க அழுதுக்கினு இருக்கறோம், இவளுக்கு வடயும் கூத்தும் கேக்குது," என்றாள். தாம்பாளத்தை எடுத்து வெளியே வைக்கச் சொன்னாள். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

அது போதும். ஓடி வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். தாம்பாளத்தைக்கூட எடுக்கவில்லை. இனி அந்தச் சுவர்ப் பக்கம் தலை காட்ட முடியாது. இந்தச் சந்தில் இருந்த ஒரே வாசலையும் நானே கோலம் போட்டு அடைத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் ஏரியிலிருந்து திரும்பும்போது சந்து முனையிலேயே அவருக்குக் கதை கிடைத்துவிட்டது. வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்றார்.

"யார கேக்கறது?" என்றேன்.

நான் வேறு ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவர் மாட்டிய சட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியபிறகு, வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, கதவு தட்டும் சத்தம். எஸ்தர் நின்றாள், பச்சைப் பட்டுப் புடவை, கையில் என் தாம்பாளம். கேட்காமலே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ரெண்டு நாளா அடக்கிக்கினு இருந்தேம்மா. இன்னிக்கிதான் அவரு எழுந்த நாளு, இன்னிக்கி சிரிக்கலாம்," என்றாள். கம்பவுண்டர் எழுந்ததைச் சொல்கிறாளா என்று நான் விழித்ததில் இன்னும் சிரித்தாள்.

வடை ஊசிப்போய்விட்டதாம், அதிரசம் கெடவில்லை. இன்றைக்குத்தான் பலகாரப் பண்டிகை, நீ ரெண்டு நாள் முந்திக்கொண்டாய் என்று ஒன்றை எடுத்துக் கடித்தாள். மாமியாரும் இரண்டு தின்றுவிட்டு, வெல்லம் கொஞ்சம் தூக்கல் என்றாளாம். பிறகு எஸ்தர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, அவர நீ சரியா பாத்ததுகூட இல்ல. அவருக்காவா அம்மாம் அழுகை அழுத?"

"இல்லக்கா. வந்ததுலேருந்து அழ எடம் கெடைக்கல."

எஸ்தர் மறுபடி சிரிக்கவில்லை. மத்தியானம்வரை எழுந்து போகவும் இல்லை; போகும்போது என்னையும் சாப்பிட இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் வீட்டில் கை நனைத்தேன் என்று எங்கள் உறவில் பிற்பாடு முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு என் காதில் ஏறுவதற்கு இடமில்லாதபடி எஸ்தரக்கா பேசிக்கொண்டே இருந்தாள், கம்பவுண்டருக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் ஆகும்வரை.

வீட்டுக்காரர்தான் மாறிப்போனார். பாங்குக்கு லீவு வந்தால் முதல் நாளே விளக்கம் சொல்லிவிடுவார். "நாளைக்கு லீவு. வட லீவு." மொகரத்துக்கு, "நாளைக்கு லீவு. வட வேணாம், ஒப்பாரி லீவு." மறு வருஷம் சீமையில் ராஜா செத்துப்போய் பாங்கை மூடினார்கள். அன்றைக்குப் பாதி வழியிலிருந்து வேகவேகமாக வீட்டுக்கு வந்தார். "ராஜா பூட்டாராம். நீ அழ வேணாம்," என்றார். அன்று அவர் ஏரிக்குப் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

அவரும் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது பேத்தி பாங்கில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டில் எல்லா லீவுக்கும் இன்னும் இந்த இரண்டே பெயர்தான். போன பெரிய வெள்ளியன்று என் அறை வாசலில் நின்று, "ஆயா, இன்னிக்கி ஒப்பாரி லீவு. யாருக்கு எடுக்கப் போற?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் எழுந்து போய் வடைக்கு உளுந்து ஊறப் போட்டேன். பலகாரப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமைதான், அதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்பது, பாதி ஊறின பிறகுதான் ஞாபகம் வந்தது.