உதிர்ந்தது மலர் ஆகாது

கொட்டச்சேட்டில் ஆலங்கட்டி மழை பெய்தது அரசாங்கத்துக்குத் தெரியவரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் சித்தனுடைய முக்கால் ஏக்கர் காப்பித் தோட்டத்தில் பூவெல்லாம் கொட்டி, பழுப்பேறி, மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. பூ போனால் காய் இல்லை. சேதச் சான்று கிடைத்தால் நிவாரணத்தை வைத்து வருஷத்தை ஓட்டிவிடலாம். இல்லாவிட்டால் மனைவி பூவாயியோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்ப வேண்டியதுதான். பூவாயி அப்போதே துணிமணிகளை மடிக்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு அரசாங்கத்தைக் கொஞ்சம் தெரியும்.

மலர்ச் சேத ஆய்வாளர் ஜெயபிரகாஷ் ஜீப்பில் வந்து இறங்கினார். தங்கமான மனுஷர், அதுதான் சிக்கல். அலுவலகங்களில் இப்போது சங்கத் தமிழ்தான் மோஸ்தர் என்பதால், அவர் கொண்டுவந்த படிவத்தில் 'பூ' என்ற சொல்லே கிடையாது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு கட்டங்கள் இருந்தன. தரையில் கிடந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பயபக்தியோடு பார்த்தார்.

"இது செம்மலுங்க. செடியில பூத்து நின்னா மலர். நல்லா விரிஞ்சா அலர். விழுந்தா வீ. விழுந்து வாடுனா செம்மல். விழறதும் வாடறதும் இயற்கைங்க. நிவாரணம் மலருக்கு மட்டுந்தான்."

"ஏனுங்க சார், மலரு செடியிலயே இருந்திருந்தா நான் எதுக்குங்க மனு குடுக்கறேன்?"

"நொம்ப நாயமான கேள்விங்க. அதுக்குப் படிவத்துல எடமில்லீங்க."

இருந்தாலும் மனசு கேட்காமல், மறு ஆய்வுக்கு வரும் செவ்வாய்க்கிழமையை ஒதுக்கினார். அன்றைக்குச் செடியில் மலரைக் காட்டினால் பரிசீலிக்கலாம் என்றார்.

சித்தன் ஏற்காடு கடைவீதிக்குப் போய் இரண்டு மூட்டை வெள்ளைப் பிளாஸ்டிக் பூ வாங்கிவந்தான். புருஷனும் பெண்டாட்டியுமாக மூன்று நாள் கிளை கிளையாகக் கட்டினார்கள். கல்யாணத்தன்றைக்குக்கூட தனக்கு இத்தனை பூ வைக்கவில்லை என்று பூவாயி முணுமுணுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் தோட்டத்தைச் சுற்றிவந்தார். ஒரு கிளையை ஆட்டிப் பார்த்தார். ஒன்றுகூட உதிரவில்லை. உணர்ச்சிவசப்பட்டு எழுதினார்: 'மேற்படி தோட்டத்தில் மலர்கள் முழுமையாகச் செடியிலேயே உள்ளன. எனவே சேதம் ஏதுமில்லை.'

சித்தன் ஒரு பூவை அவிழ்த்து அவரிடம் நீட்டினான். "சார், அது பிளாஸ்டிக்குங்க."

"தெரியுதுங்க. படிவத்துல நெலையைத்தான் கேக்கறாங்க. எதுல செஞ்சதுன்னு கேக்கலீங்க."

சான்று வரவில்லை. பதிலாக, பத்து நாள் கழித்தும் வாடாத மலர்களை வளர்த்தமைக்காக 'முன்மாதிரி மலர்த் தோட்டம்' என்று முதல் பரிசுக் கேடயம் வந்தது. அதைத் துணிப்பைக்குள் திணிக்க முடியாமல் பூவாயி கையிலேயே வைத்துக்கொண்டாள்.

இருவரும் பஸ்ஸுக்கு நிற்கையில் பக்கத்துத் தோட்டத்து அருள்சாமி மூச்சிரைக்க ஓடிவந்தார். ஆலங்கட்டிக்குத் தப்பிய தோட்டம் அவருடையது. பிந்தி வந்த மழையில் அப்போதுதான் பூத்திருந்தது. அவருடைய தலையெல்லாம், சட்டையெல்லாம் காப்பிப் பூ.

"சித்தா, அடுத்த பரிசுக்கு நம்ம தோட்டத்தைப் பாக்க வர்றாங்களாமா. நம்மூது நெசப் பூவாச்சே, மூணு நாள்ல கொட்டிப் போயிருமே. அதான் வெடியக்காலையில இருந்து எல்லாத்தையும் உலுக்கி உட்டுட்டு வர்றேன். நீ எந்தக் கடையில வாங்குன?"

சித்தன் கடைப் பேரைச் சொன்னான். மூட்டையாக வாங்கினால் கட்டுகிற நூல் இனாம் என்றும் சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.