சிறகு உலர்த்தும் நீர்க்காகம்

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். வெள்ளாயணிக் காயலுக்குப் போய் ஒரு நீர்ப்பறவையைப் படம் எடுத்துண்டு வரணும்.

எங்க காலேஜ்ல புகைப்படக் கண்காட்சி. கிளாஸ்ல வாயே திறக்காத பொண்ணு நான். சுவத்துல என் பேரோட ஒரு படமாவது தொங்கட்டுமேன்னு ஆசை. பேர் கொடுத்து, படத்துக்குத் தலைப்பும் எழுதிக் கொடுத்துட்டேன்: 'சிறகு உலர்த்தும் நீர்க்காகம்.'

படம்தான் பாக்கி.

கேமரா அக்கா ஆத்துக்காரரோடது. செக்ரட்டேரியட்ல ஆபீசர். எங்க பேட்டை ஸ்ரீவராகத்துலேயே நல்ல கேமரா வெச்சிருக்கறது தான் ஒருத்தர்தான்னு எல்லார்கிட்டயும் அவரே சொல்லிடுவார்.

"ஒரு ரோல்தான் தருவேன். நானும் கூட வருவேன்"னார் அத்திம்பேர்.

வயித்துக்கு நேரா பிடிச்சுண்டு, மேலே இருக்கற கண்ணாடியைக் குனிஞ்சு பார்த்து எடுக்கற கேமரா அது. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். எனக்குன்னே செஞ்சது!

ஒரே ஒரு குணக்கேடு. கண்ணாடியில இடம் வலம் மாறித் தெரியும். காயல்ல நீர்க்காகத்தைக் காணலை, கொக்குதான். கொக்கு இந்தப் பக்கம் நடந்தா, கண்ணாடியில அந்தப் பக்கம் நடக்கும். நான் கண்ணாடிக் கொக்கைத் துரத்துவேன். நிஜக் கொக்கு காணாமப் போயிடும். ரோல்ல முக்கால்வாசி வெறும் தண்ணி.

"என்னடி, காயலை சர்வே எடுக்கறியா?"

"பறவைக்கு முன்னால இடம் விடணும் அத்திம்பேர். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"இடம் விட்டே சரி. பறவை எங்கே?"

கடைசியா ஒரே ஒரு படம் மிச்சம். அத்திம்பேருக்குப் பொறுமை போயிடுத்து.

"நான் போய்க் கொக்கை உன் பக்கம் ஓட்டறேன். நீ அமுக்கு."

கரையில தோணியோட இருந்த வள்ளக்காரர் எழுந்தே நின்னுட்டார். "சாரே, அவிடே சேறாணு! போகண்டா!"

"எனக்கறியாம்டோ!"

அறிஞ்சுண்டே இடுப்பளவு இறங்கினார். கொக்கு பறந்துடுத்து. அத்திம்பேர் பறக்கலை.

வள்ளக்காரர்தான் இழுத்துக் கரையேத்தினார். அத்திம்பேர் என்னைத் திட்டிண்டே தாழம்புதருக்குப் பின்னால போனார்.

அந்த நேரம் பார்த்து ஒரு நீர்க்காகம் வந்து தண்ணியில நட்டிருந்த கழியில உக்காந்து, ரெண்டு சிறகையும் விரிச்சுது!

குனிஞ்சேன். பறவை கச்சிதம். முன்னால இடமும் கச்சிதம். அமுக்கப் போறேன், கண்ணாடியோட வலது ஓரத்துல வெள்ளையா என்னமோ ஆடறது. அதைத் தவிர்க்கலாம்னு கேமராவை மெல்ல இடப்பக்கம் திருப்பினேன்.

வெள்ளை போகலை. நடுவுக்கு வந்து நின்னுது!

இடம் வலம் ஞாபகம் வந்தப்போ விரல் அமுக்கியாச்சு.

தலையைத் தூக்கினேன். இடுப்புல துண்டோட அத்திம்பேர். ஈர வேஷ்டியை ரெண்டு கையாலயும் விரிச்சுக் காத்துல உணத்திண்டு நிக்கறார்.

மறுநாள் பழவங்காடி ஸ்டூடியோ. துண்டு கட்டின மனுஷரை வெட்டிடுங்கோன்னு ஒரு ஆம்பளைகிட்ட எப்படிச் சொல்றது? பட்டும் படாமச் சொன்னேன்; என் நினைப்புல அவர் இன்னும் ஓரத்துலதான்.

"கடைசிப் படம் மட்டும் போறும். ஓரத்துல இருக்கறதை வெட்டிட்டு, பெரிசாக்கி, பிரேம் போட்டு, காலேஜுக்கே அனுப்பிடுங்கோ."

"ஓ, செய்யாம் மோளே"ன்னு ஸ்டூடியோக்காரர் ஒத்துண்டார்.

கண்காட்சிக்கு அத்திம்பேர் ஆபீஸ்ல பாதிப் பேரைக் கூட்டிண்டு வந்துட்டார். "எல்லாம் என் கேமரா!"

கேமரா மட்டுமா? சுவர்ல அவரேதான் இருந்தார். துண்டு, விரிச்ச வேஷ்டி, ஆகாசத்தைப் பார்த்துத் திறந்த வாய். கேமராவைத் திருப்பினதுல ஓரத்துக்குப் போயிருந்தது நீர்க்காகம். ஸ்டூடியோக்காரர் சொன்னபடியே வெட்டிட்டார். கீழே கொட்டை எழுத்துல என் தலைப்பு. அதுக்கும் கீழே, ஆசைப்பட்டபடியே, என் பேர்.

கூட்டத்துல ஒரு குமாஸ்தா மெதுவா கேட்டார். "சாரே, சிறகு உணங்கியோ?"

படங்களுக்கு மார்க் போட வந்த புரொபசர் மட்டும் சிரிக்கலை. கிட்டப் போய்ப் பார்த்துட்டுத் தலையாட்டினார். "கொள்ளாம்! முகத்துக்கு முன்னால நல்லா இடம் விட்டிருக்கு."

எனக்கு ரெண்டாம் பரிசு கிடைச்சது. கேமராதான் அதுக்கப்புறம் கிடைக்கலை.